பின் சக்கரத்தின் பிரேக்

மோட்டார் காரின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் அது எவ்வளவு வேகமாக ஓடிற்று என்பதையே எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு தூரத்தில் நின்றது என்பதை எழுதியவர்கள் மிகச் சிலர். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது சரித்திரத்தின் ஒரு பகுதி. அதிலும் பின் சக்கரங்களைப் பற்றிய பகுதி.

பழைய சிறிய கார் ஒன்றின் முன் சக்கரத்தைக் கழற்றினால், பல வண்டிகளில் அங்கே பளபளப்பான இரும்புத் தட்டு ஒன்றைக் காணலாம். அதை டிஸ்க் என்கிறோம். அதே காரின் பின் சக்கரத்தைக் கழற்றினால், துருவேறிய சட்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒன்று இருக்கும். அது டிரம். ஒரே மிதியால் இயங்கும் நான்கு பிரேக்குகள் இரண்டு வகையாய் இருப்பதைக் கண்ட இளைஞர்கள், "பின்னாலும் டிஸ்க் போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். கேட்பதோடு நில்லாமல் மாற்றியும் விடுகிறார்கள். அதற்கு வேண்டிய பாகங்களை ஒரே கட்டாக விற்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால், அதற்கு விடை காண நாம் 1902-ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

டிரம் பழையது, டிஸ்க் புதியது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தவை. 1902-இல் பிரான்சு நாட்டில் லூயி ரெனோ இன்றைய டிரம் பிரேக்கின் மூலவடிவத்தை அமைத்தார். அதே 1902-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். லான்செஸ்டர் அசாதாரணமான மனிதர். கார் செய்ததோடு, ஆகாய விமானத்தின் இறக்கை காற்றில் எப்படித் தாங்கப்படுகிறது என்பதையும் ஆராய்ந்தவர். சுழலும் மெல்லிய தட்டை இருபுறமும் இடுக்கியால் பிடித்து நிறுத்துவது அவருடைய யோசனை. யோசனை நல்லதுதான், பிடிக்கும் பொருள்தான் வாய்க்கவில்லை. செம்பும் இரும்பும் உரசியபோது எழுந்த கிறீச்சொலியைக் கேட்டு வழியில் போவோர் திரும்பிப் பார்த்தார்கள். அக்காலத்துச் சாலைகளின் புழுதி வேறு, திறந்து கிடந்த அந்தத் தட்டையும் செம்பையும் வெகு விரைவில் தேய்த்துவிட்டது.

டிரம்முக்கு இத்தொல்லைகள் இல்லை. சக்கரத்தோடு சுழலும் சட்டி ஒன்று. அதன் உள்ளே சுழலாமல் நிற்கும் பிறை வடிவான இரண்டு ஷூக்கள். மிதியை அழுத்தினால் அவை விரிந்து சட்டியின் உட்சுவரைத் தொடும். புழுதி உள்ளே எளிதில் புகாது. இதைவிட முக்கியமான வேறொரு குணமும் அதற்கு உண்டு. சாத்தும் கதவுக்கடியில் ஆப்பு ஒன்றைச் செருகினால், கதவைத் தள்ளத் தள்ள ஆப்பு தானே இறுகுகிறது அன்றோ? அதுபோலவே, சுழலும் டிரம் தன்னைத் தொட்ட ஷூவைத் தன்னோடு இழுத்து, மேலும் இறுக அழுத்தச் செய்கிறது. ஓட்டுபவரின் கால் செய்யவேண்டிய வேலையில் ஒரு பங்கைச் சக்கரமே செய்துவிடுகிறது. கால் வலிமை ஒன்றையே நம்பியிருந்த காலத்தில் இது பெரிய வரப்பிரசாதம்.

ஷூவின் மேல் எதை ஒட்டுவது என்ற கேள்விக்கு விடை கண்டவர் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைநாட்டில் வாழ்ந்த ஹெர்பர்ட் புரூட். மலைச் சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸின் தோலைச் சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவே செருகி வேகத்தைத் தணிப்பதைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று சொல்வதுண்டு. 1897-இல் சோதனையைத் தொடங்கிய அவர், பின்னர் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸைக் கொண்டு லைனிங் செய்தார். தம் பெயரின் எழுத்துக்களோடு மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்து அவர் அமைத்த பெரோடோ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கல்நார் தீயில் வேகாது, விலையும் மலிவு. அது மனிதனின் நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அந்நாளில் பெரும்பாலான கார்களுக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. முன் சக்கரத்தைப் பிடித்தால் வண்டி தலைகீழாகக் கவிழும் என்ற அச்சம் நெடுநாள் நிலவியது. 1921-இல் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கோடு வெளிவந்தது. அந்தப் பத்தாண்டில் நான்கு சக்கரப் பிரேக் உள்ள கார்கள் சில, பின்னால் வருபவர்களை எச்சரிக்கச் சிவப்பு முக்கோணம் ஒன்றை மாட்டிக்கொண்டு ஓடின. "நான் சட்டென்று நிற்பேன், நீ எட்டியே வா" என்பது அதன் பொருள். சிரிப்பாகத் தோன்றினாலும், அம்முக்கோணத்தில் ஓர் உண்மை இருந்தது. அதை 1955-ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்திற்று.

டிரம்மை வீழ்த்தியது வெப்பம். கணக்கு ஒன்று பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 800 கிலோகிராம் எடையுள்ள சிறிய கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் 2,50,000 ஜூல். காரை நிறுத்தும்போது இந்த ஆற்றல் பெரும்பாலும் பிரேக்குகளில் வெப்பமாகிறது. 30 டிகிரிச் சூட்டில் உள்ள தண்ணீர் முக்கால் லிட்டருக்கு மேல் கொதிநிலைக்கு வர இவ்வெப்பம் போதும். ஒரு முறை நிறுத்தினால் இவ்வளவு. மலைச் சரிவில் இறங்கும்போது எத்தனை முறை நிறுத்துகிறோம்! சட்டிக்குள் அடைபட்ட வெப்பத்துக்கு எளிதில் வெளியேற வழியில்லை. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகிறது. லைனிங்கின் உராய்வும் குறைகிறது. கால் ஆழமாகப் போகும், வண்டி நிற்காது. டிஸ்க்கின் கதை வேறு. அது காற்றில் திறந்து நிற்பதால் விரைவில் ஆறுகிறது. சூட்டில் தடித்தாலும் தன்னைப் பிடித்திருக்கும் பேட்களை நோக்கியே தடிக்கிறது.

இந்த நன்மையை முதலில் நன்கு பயன்படுத்தியவை ஆகாய விமானங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானச் சக்கரங்களுக்காக வளர்ந்த டிஸ்க் பிரேக்கை, இங்கிலாந்தின் டன்லப் நிறுவனமும் ஜாகுவார் நிறுவனமும் சேர்ந்து காருக்குக் கொண்டுவந்தன. 1952-இல் பிரான்சின் ரீம்ஸ் நகரில் நடந்த பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவாரை ஓட்டி வென்றார். 1953-இல் லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் என்னும் இருவரும் அத்தகைய காரில் முதலிடம் பெற்றார்கள். அப்பந்தயத்தில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் தடவை. நீண்ட நேர்ச்சாலையின் கோடியில் மற்றவர்கள் முன்னதாகவே பிரேக்கை மிதிக்க, இவர்கள் இன்னும் சற்று தூரம் முழு வேகத்தில் சென்று பிறகு மிதித்தார்கள். அந்தப் பந்தயத்தை எஞ்சின் வென்றது என்று சொல்வதைவிடப் பிரேக் வென்றது என்று சொல்வதே பொருந்தும்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1955 ஜூன் 11 அன்று அதே லெ மானில், டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் ஒன்று எரிபொருள் நிரப்பும் இடத்துக்குத் திரும்ப விரைந்து வேகத்தைக் குறைத்தது. அதன் பின்னால் வந்த ஆஸ்டின்-ஹீலி கார் மோதலைத் தவிர்க்க ஒதுங்கியது. அதற்கும் பின்னால் மிகுந்த வேகத்தோடு வந்த மெர்சிடஸ் அதன்மேல் ஏறி, பார்வையாளர் கூட்டத்தின் பக்கம் பாய்ந்து சிதறியது. 80-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மெர்சிடஸ் காரில் இருந்தவை டிரம் பிரேக்குகள். அவற்றுக்குத் துணையாகக் காற்றைத் தடுக்கும் பெரிய பலகை ஒன்றும் முதுகில் இருந்தது. விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளி என்று கூறவில்லை. சாலையின் குறுகலே முதற்காரணம் என்று நானும் கருதுகிறேன். எனினும், வெவ்வேறு ஆற்றலோடு நிற்கும் கார்கள் ஒரே சாலையில் நெருங்கி ஓடுவதில் உள்ள அபாயத்தை அந்நாளை விடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. நான்கு கார்களுக்கிடையே உள்ள இந்த அபாயம் ஒரே காரின் நான்கு சக்கரங்களுக்கிடையிலும் இருக்கிறது. பின் சக்கரத்துக்கு டிஸ்க் போட விரும்புகிறவர் கவனிக்கவேண்டிய இடம் இதுதான்.

அதே 1955-இன் அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோயன் டி.எஸ். கார் அறிமுகமாயிற்று. அதன் முன் பிரேக்குகள் டிஸ்க். பின் பிரேக்குகள் டிரம். 1956-இல் டிரையம்ப் டி.ஆர்.3 காரிலும் கர்லிங் நிறுவனத்தின் டிஸ்க்குகள் முன்னால் மட்டுமே வந்தன. இந்தக் கர்லிங் நிறுவனம் அங்கம் வகித்த லூகாஸ் தொழிற்குழுவோடு சேர்ந்துதான் 1962-இல் சென்னையை அடுத்த பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. நிற்க, புதிய பொருளை முன்னால் மட்டும் போட்டது ஏன்? சிக்கனம் ஒரு காரணம். ஆனால் சிக்கனம் மட்டும் அல்ல.

ஓடும் பஸ் திடீரென நின்றால் நாம் முன்னோக்கிச் சாய்கிறோம். காரின் பாரமும் அப்படியே முன் சக்கரங்களின் மேல் சாய்கிறது. மேலே சொன்ன 800 கிலோகிராம் காரையே எடுத்துக்கொள்வோம். எஞ்சின் முன்னால் இருப்பதால் நிற்கும்போது முன் சக்கரங்கள் 480 கிலோகிராமையும் பின் சக்கரங்கள் 320 கிலோகிராமையும் தாங்குகின்றன என்க. சக்கரங்களுக்கிடையே உள்ள நீளம் 2 மீட்டர். பாரத்தின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். புவியீர்ப்பின் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்குக் கடுமையாகப் பிரேக் பிடித்தால், 160 கிலோகிராம் பாரம் பின்னாலிருந்து முன்னால் போய்விடுகிறது. முன்னால் 640, பின்னால் வெறும் 160. ஐந்தில் நான்கு பங்கு வேலை முன் சக்கரங்களுடையது. பின் சக்கரம் பாரம் இழந்து தரையை இலேசாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்நிலையில் அதைப் பலமாகப் பிடித்தால் அது சுழலாமல் இறுகி வழுக்கும். முன் சக்கரம் வழுக்கினால் கார் திரும்ப மறுக்கும். ஆனால் நேரே போகும். பின் சக்கரம் வழுக்கினாலோ, காரின் வால் முன்னே வந்துவிடும். ஈரச் சாலையில் இதை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இதைச் செம்மையாக உணர்ந்து செய்யப்பட்ட வண்டி மினி. ஸ்மைர்னா நகரில் 1906-இல் பிறந்த அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1959 ஆகஸ்ட் 26 அன்று இங்கிலாந்தில் வெளியாயிற்று. நீளம் சுமார் 10 அடி. சக்கர வளையத்தின் விட்டம் 10 அங்குலம். எஞ்சினைக் குறுக்காக வைத்து முன் சக்கரங்களையே ஓட்டச் செய்ததால், பாரம் பெரும்பாலும் முன்னால் இருந்தது. நான்கும் டிரம் பிரேக்குகளே. ஆனால் பின் சக்கரங்களுக்குச் செல்லும் எண்ணெயின் அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறாதபடி சிறிய வால்வு ஒன்றை வைத்திருந்தார்கள். பின் பிரேக் போதவில்லை என்பதல்ல அவர்கள் கவலை, மிஞ்சிவிடக்கூடாதே என்பதுதான்.

1961-இல் மினி கூப்பர் வந்தது. முன்னால் 7 அங்குல டிஸ்க்குகள். அவை மிகச் சிறியவை என்று பலரும் குறை கூறினார்கள். 1963-இல் கூப்பர் எஸ் என்ற வகைக்கு 7½ அங்குல டிஸ்க்குகளும், காலுக்குத் துணையாக எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் செர்வோவும் கொடுத்தார்கள். டிஸ்க்குக்கு ஆப்புக் குணம் இல்லாததால் செர்வோ வேண்டியிருந்தது. இந்தக் கூப்பர் எஸ் 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது. 1966-இலும் முதலாவதாக வந்து, முகப்பு விளக்கு விதிப்படி இல்லை என்று விலக்கப்பட்டது. அந்த வழக்கு இன்றும் ஓயவில்லை. ஆல்ப்ஸ் மலையின் பனிப் பாதைகளில் அவ்வளவு வேகமாக ஏறி இறங்கிய அந்தக் கார்களின் பின் சக்கரங்களில் இருந்தவை டிரம் பிரேக்குகளே. 1984-இல் எல்லா மினிகளுக்கும் முன்னால் 8.4 அங்குல டிஸ்க்குகள் வந்தன. பின்னால்? டிரம்தான். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் கடைசி மினி வெளிவரும்வரை, 53 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களில் அதுவே நிலைத்தது.

இனி, இத்தகைய காருக்குப் பின்னால் டிஸ்க் போடுகிறவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். டிரம்மையும் ஷூவையும் கழற்றிவிட்டுத் தட்டையும் காலிப்பரையும் பூட்டுவது எளிய வேலை. ஒரு நாளில் முடிந்துவிடும். மீதிதான் கடினம். காலிப்பரின் பிஸ்டன் பொதுவாகப் பெரியது. அதை நகர்த்த அதிக எண்ணெய் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு எண்ணெயைத் தராவிட்டால், மிதி தரைவரை போகும். பெரிய சிலிண்டர் போட்டால் மிதி கடினமாகும். டிரம் உள்ள கார்கள் சிலவற்றில், குழாயில் எப்போதும் சிறிது அழுத்தம் தங்கும்படி ஒரு வால்வு உண்டு. ஷூக்களைப் பின்னுக்கு இழுக்கச் சுருள்வில் இருப்பதால் டிரம்முக்கு அதனால் கேடில்லை. டிஸ்க்குக்கு அத்தகைய வில் கிடையாது. அந்த வால்வை அப்படியே விட்டுவைத்தால் பேட்கள் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். முன்பு சொன்ன அழுத்த வால்வோ, டிரம்மின் ஆப்புக் குணத்தைக் கணக்கில் கொண்டு அமைத்தது. டிஸ்க் வந்ததும் அந்தக் கணக்கு பொய்யாகிறது. பின் பிரேக் வேண்டிய அளவுக்குக் குறையலாம்; கூடவும் கூடும். கூடுவதே ஆபத்து.

கைப்பிரேக்கின் கதை சுவையானது. சரிவில் நிறுத்திய காரைப் பிடித்து வைப்பதில் டிரம்முக்கு இணை இல்லை. 1963-இல் போர்ஷே நிறுவனம் தன் 356 சி காரின் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் போட்டபோது, கைப்பிரேக்குக்காகப் பின் டிஸ்க்கின் நடுக்குழிவுக்குள் குட்டி டிரம் ஒன்றை ஒளித்து வைத்தது. விலகிப்போன மாமியாரைப் புறக்கடை வழியாக அழைத்துவந்தாற்போல்! வீட்டுப் பட்டறைகளில் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இவ்வளவு தூரம் போவதில்லை. பின்னால் டிஸ்க் மாற்றிய பழைய சிறிய கார் ஒன்றை அதன் உரிமையாளர் ஒருமுறை எனக்குப் பெருமையோடு காட்டினார். தட்டுகள் கண்ணாடிபோல் மின்னின. "கைப்பிரேக் எப்படி?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பின்பெட்டியைத் திறந்து ஒரு செங்கல்லைக் காட்டினார்.

அப்படியானால் இந்த மாற்றம் வீண் வேலையா என்றால், அப்படியும் இல்லை. ஒரே முறை அவசரமாக நிறுத்தும்போது, சக்கரத்தை இறுக்கும் வலிமை நல்ல நிலையிலுள்ள டிரம்முக்கே உண்டு. அதற்கு மேல் நிறுத்துவது டயரும் சாலையும். ஆகவே, நிற்கும் தூரத்தில் பெரிய ஆதாயம் இராது. மீண்டும் மீண்டும் கடுமையாகப் பிடிக்கவேண்டிய பந்தயத்திலும் நெடிய மலை இறக்கத்திலும் ஆதாயம் உண்டு. பேட் எவ்வளவு தேய்ந்தது என்பதையும் எளிதில் பார்த்துக்கொள்ளலாம். முழு அமைப்பையும் கணக்கிட்டுச் செய்தால் நல்ல பலன் கிடைக்கும் என்பதற்குச் சான்று, ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் கோல்ப். 1976-இல் வந்த முதல் கோல்ப் ஜி.டி.ஐ. காருக்குப் பின்னால் டிரம். 1984-இல், மினி முன்னால் மட்டும் டிஸ்க் பெற்ற அதே ஆண்டில், இரண்டாம் தலைமுறை ஜி.டி.ஐ. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பெற்றது. ஆர்வலர்கள் பலர் அதன் பாகங்களைப் பழைய கோல்புக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பழைய கோல்ப் சரியாக நிற்பதில்லை என்ற குறை, வலப்புறம் அமர்ந்து ஓட்டும் இங்கிலாந்தில்தான் பலமாக எழுந்தது. அங்கே மிதி வலப்புறம் போயிற்று. செர்வோவும் மாஸ்டர் சிலிண்டரும் ஜெர்மானிய வழக்கப்படி இடப்புறமே இருந்தன. இரண்டையும் இணைக்கக் காரின் குறுக்கே ஒரு தண்டு. காலின் விசையில் ஒரு பங்கு அந்தத் தண்டை வளைப்பதிலேயே செலவாயிற்று. பின்னால் எந்தத் தட்டைப் பூட்டினாலும் இந்தக் குறை தீராது. பழைய காரின் பிரேக் சரியில்லை என்று என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் கேட்பது, எண்ணெயை எப்போது மாற்றினீர்கள், ரப்பர்க் குழாய்கள் எத்தனை வருடப் பழசு, ஷூவைச் சரியாக நெருக்கி வைத்திருக்கிறீர்களா என்ற மூன்று கேள்விகளைத்தான்.

டிரம் மறைந்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு 2020-ஆம் ஆண்டு ஒரு வியப்பைத் தந்தது. வோல்க்ஸ்வாகனே வெளியிட்ட ஐ.டி.3 என்னும் மின்சாரக் காரின் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்குகள் இருந்தன. மின்சாரக் கார் வேகம் குறையும்போது, அதன் மோட்டாரே மின்னாக்கியாகி ஆற்றலைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பிரேக்குக்கு வேலை குறைவு. வேலையற்ற டிஸ்க் மழையில் துருப்பிடிக்கும். மூடிய டிரம் அவ்வளவாகப் பிடிக்காது. தேய்மானத் தூசியும் அதனுள்ளேயே தங்கிவிடுகிறது. பிரேக்கிலிருந்து பறக்கும் நுண்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய விதிகளில் முதன்முறையாக வரம்பு கட்டியிருப்பதால், இக்குணத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

உள்ளே தங்கும் அந்தத் தூசியைப் பற்றித்தான் முன்பு பாதியில் விட்ட செய்தியைச் சொல்லவேண்டும். 1924-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் ஆலையொன்றில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்னும் பெண் 33-ஆம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் குக், கல்நார்த் தூசியே காரணம் என்று மருத்துவ இதழில் எழுதினார். பிரேக் லைனிங்கில் கல்நார் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. பிரிட்டனில் அதை அடியோடு தடை செய்தது 1999-இல்தான். பழைய காரின் டிரம்மை இன்று கழற்றும் மாணவர், அதனுள் கரும்பொடியாகப் படிந்திருப்பது எந்த ஆண்டு லைனிங்கின் தூசி என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. வாயால் ஊதவும் வேண்டாம். காற்றுக் குழாயால் அடிக்கவும் வேண்டாம். நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அணிந்து, பொடியை முதலில் நன்றாக நனைத்து, ஈரத் துணியால் துடைத்தெடுத்து, துணியைப் பையிலிட்டுக் கட்டிய பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்கவேண்டும்.